லைன் வீடும் ரோ ஹவுஸும்: சாதி தெரியாத தெரபி யாருக்கு?

ஏற்காட்டில் எங்கள் எஸ்டேட் லைனுக்கு மேலே, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு பாறை இருக்கிறது. அதன்மேல் ஏறி உட்கார்ந்தால்தான் செல்போனில் வீடியோ நிற்காமல் ஓடும். ஒரு டிசம்பர் மாலை அந்தப் பாறையில் உட்கார்ந்துதான் என் மூன்றாவது ஆன்லைன் தெரபி செஷனைப் பேசினேன். பனி இறங்கிக்கொண்டிருந்தது. காட்டுமாடு வரும் நேரம் என்பதால் ஒரு கண் திரையிலும் ஒரு கண் காப்பிச் செடிகளுக்கு நடுவிலும் இருந்தது.

"நீங்க வளர்ந்த வீட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றார் தெரபிஸ்ட்.

"லைன் வீடு மேடம்."

"ஓ, ரோ ஹவுஸா? ஏற்காட்டுல ரோ ஹவுஸ்னா ரொம்ப அழகா இருந்திருக்குமே!"

லைன் வீடு என்றால் என்ன என்று சொல்லத் தொடங்கினேன். தோட்ட முதலாளி கூலிகளுக்குக் கட்டிவிட்ட வரிசை வீடு. ஒரே நீளக் கூரை, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், அந்த வீட்டில் இருமினால் இந்த வீட்டில் கேட்கும். வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும். இதைச் சொல்லி முடிக்கவே பதினைந்து நிமிடம் போனது. மீதி நேரத்தில் என் ஆய்வு நெறியாளரைப் பற்றிச் சொன்னேன். மற்ற மாணவர்களின் அத்தியாயங்களை அவர் தன் வீட்டு ஹாலில் உட்காரவைத்துத் திருத்துகிறார். என்னுடையதை மட்டும் துறை வராந்தாவில் நின்றபடி புரட்டுகிறார். எட்டு மாதமாக எனக்குத் தூக்கம் சரியில்லை, ஆய்வேட்டின் ஃபைலைத் திறந்தாலே கை வியர்க்கிறது, அதனால்தான் ஹாஸ்டலைக் காலிசெய்துவிட்டு அம்மாவிடம் வந்திருக்கிறேன் என்று சொன்னேன்.

அவர் கனிவாகத்தான் கேட்டார். "சாதியைக் கொஞ்சம் வெளிய வச்சிட்டு, உங்களைப் பத்தி மட்டும் பேசலாமா?"

ஐம்பது நிமிடத்துக்கு 1,500 ரூபாய். என் அம்மா மூன்று நாள் காப்பிப் பழம் பறித்துக் கொண்டுவரும் கூலியைவிட அதிகம். அந்தப் பணத்தைக் கட்டி, என்னை வெளியே வைத்துவிட்டு என்னைப் பற்றிப் பேச வேண்டும்.

இதை ஒரு தெரபிஸ்ட்டின் அறியாமையாகக் கடந்துபோக நான் தயாராக இல்லை. அவர் படித்த பாடத்திட்டத்திலும், அவரை எனக்குக் காட்டிய செயலியிலும், அவருக்குச் சான்றிதழ் கொடுத்த அமைப்பிலும் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை. செயலியில் மொழியைத் தேர்வு செய்யலாம், ஆணா பெண்ணா என்று தேர்வு செய்யலாம். பிரச்சினைகளின் பட்டியலும் உண்டு: காதல் முறிவு, வேலை அழுத்தம், பதற்றம், தனிமை. சாதிக்கு அங்கே ஒரு பெட்டி இல்லை. இந்த நாட்டில் கல்யாண வரன் தேடும் செயலியில் உட்பிரிவு வரை பெட்டி உண்டு. மனம் உடைந்து வருபவருக்கு மட்டும் சாதி கிடையாதாம்.

சேலத்துக்கு இது புதிதல்ல

எங்கள் மாவட்டத்தின் இரண்டு பேரை நான் மறக்கவே முடியாது. செந்தில்குமார், பன்றி வளர்ப்பை வாழ்வாதாரமாகக் கொண்ட பன்னியாண்டி சமூகத்திலிருந்து ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் முனைவர் பட்ட ஆய்வு வரை போனவர். நெறியாளர் ஒதுக்கப்படாத அந்த ஆய்வு மாணவர் 2008 பிப்ரவரியில் தன் உயிரை முடித்துக்கொண்டார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2017 மார்ச் 13 அன்று, டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் முத்துகிருஷ்ணன் இறந்தார். அவரும் சேலம்தான். இறப்பதற்குச் சில நாட்கள் முன்பு, ஆய்வுப் படிப்புச் சேர்க்கையில் சமத்துவம் மறுக்கப்படுவதைப் பற்றித் தன் முகநூலில் எழுதியிருந்தார். இடையில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா. 2019 மே மாதத்தில் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வி.

ஒவ்வொரு முறையும் நிர்வாகங்களிடமிருந்து வரும் முதல் பதில் ஒன்றுதான்: அவருக்கு மனஅழுத்தம் இருந்தது. நாம் கோபத்தில் திருப்பிச் சொல்வோம்: மனஅழுத்தம் இல்லை, சாதி. இரண்டு தரப்பும் சேர்ந்து ஒரு பொய்யான தேர்வை உருவாக்கிவிட்டோம். சாதி ஒருவருக்குள் இறங்கும்போது தூக்கமின்மையாக, பதற்றமாக, எழுத முடியாத கையாகத்தான் இறங்குகிறது. மனஅழுத்தம் என்ற சொல்லை நிர்வாகத்திடமிருந்து நாம் பிடுங்கியிருக்க வேண்டும். காரணத்தை மறைக்க அவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள். காரணத்தைக் காட்ட நாம் பயன்படுத்த வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தபோது தங்க இடமில்லாமல் ஒரு பார்சி விடுதியில் அடையாளத்தை மறைத்துத் தங்கினார். கையில் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். அதைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதும்போது, பதினெட்டு ஆண்டுகள் கடந்தும் அந்தக் காட்சி மங்கவில்லை, கண்ணீர் வராமல் அதை நினைக்க முடிவதில்லை என்று பதிவு செய்திருக்கிறார். கொலம்பியாவில் படித்துவிட்டு வந்த ஒரு மனிதர் சொல்கிறார் இதை. அவர் இன்று ஒரு செயலியில் செஷன் பதிவு செய்தால், பழையதை விட்டுவிடுங்கள், மூச்சைக் கவனியுங்கள் என்று சொல்லி ஒரு நன்றி டைரி எழுதச் சொல்வார்களா?

நடுநிலை என்னும் பெயரில்

"நாங்கள் மனிதர்களைத்தான் பார்க்கிறோம், சாதியைப் பார்ப்பதில்லை" என்பது தெரபி உலகத்தின் பெருமிதமான வாசகம். இந்த வாசகத்தை நாம் வீட்டு வாடகைக்குப் போகும்போதும் கேட்டிருக்கிறோம், நேர்முகத் தேர்விலும் கேட்டிருக்கிறோம். சாதியைப் பார்க்காமல் இருக்கும் வசதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

தெரபி அறையில் இது நேரடியாகவே கெடுதல் செய்கிறது. அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்று ஒரு முறை உண்டு. பரவலாகப் பயன்படுவது, பலருக்கும் பலன் தருவது. அடுத்தவர் மனதில் நம்மைப் பற்றி மோசமாக நினைக்கிறார் என்று ஆதாரமில்லாமல் முடிவுகட்டுவதை அது ஓர் எண்ணத் திரிபாகக் கருதுகிறது. ஆதாரம் என்ன என்று நம்மையே கேட்கச் சொல்கிறது. நல்ல கேள்விதான். ஆனால் சாதி ஆதாரம் வைத்துவிட்டா போகும்? வராந்தாவில் நிற்கவைப்பதற்கு எழுத்து உத்தரவு கிடையாது. என் பெயரைக் கேட்டதும் "சொந்த ஊர் எது? அப்பா என்ன பண்றார்?" என்று அடுக்கும் கேள்விகள் எங்கே போய் முடியும் என்பதை ஏழு வயதிலேயே கற்றுக்கொண்டவள் நான். அந்த எச்சரிக்கை உணர்வுதான் என்னை இதுவரை காப்பாற்றியது. அதை நோயின் அறிகுறி என்று குறித்துக்கொண்டு திருத்தப் பார்க்கும் தெரபிஸ்ட், என் கையில் இருக்கும் ஒரே குடையைப் பிடுங்கிவிட்டு மழையில் நடக்கச் சொல்கிறார்.

இந்தச் சண்டையை மற்ற நாடுகளில் முன்பே போட்டுவிட்டார்கள். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்த ஃபிரான்ஸ் ஃபனான், காலனியாதிக்கம் மனிதர்களை நோயாளிகளாக்கிக்கொண்டிருக்கும்போது அதே அரசின் மருத்துவராக அவர்களைக் குணப்படுத்துவதாகச் சொல்ல முடியாது என்று கண்டு 1956இல் பதவி விலகினார். அமெரிக்காவில் 1968இல் கறுப்பின உளவியலாளர்கள் தனிச் சங்கமே தொடங்கினார்கள். இங்கேயும் ஒடுக்கப்பட்ட சமூகங்களின் மனநலத்துக்காக 'தி புளூ டான்' போன்ற முயற்சிகள் நம் பிள்ளைகளின் சொந்த உழைப்பில் எழுந்திருக்கின்றன. பல்கலைக்கழக உளவியல் துறைகள் இன்னும் சாதியை ஒரு தேர்வுக் கேள்வியாகக்கூட மதிக்கவில்லை.

நம் பக்கத்துக் குற்றம்

அடுத்தவரைச் சொல்லிவிட்டு நம்மை விட்டுவிட முடியாது. தெரபி பார்க்கிறேன் என்று சொன்னபோது ஒரு தோழர் சிரித்தார். "அதெல்லாம் மேட்டுக்குடி சமாச்சாரம் தோழர். களத்துக்கு வாங்க, சரியாகிடும்" என்றார். களத்தில்தான் பத்து ஆண்டுகளாக இருக்கிறேன். ஒவ்வொரு ஆணவக் கொலைக்குப் பிறகும் உண்மை அறியும் குழுவில் போய், அந்தத் தாய்களின் முன்னால் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, பேருந்து ஏறி வந்து, மறுநாள் அறிக்கை தட்டச்சு செய்திருக்கிறோம். அன்றிரவு நாம் என்ன ஆனோம் என்று நம்மில் யாரும் யாரையும் கேட்டதில்லை.

"தெரபி சமூகப் பிரச்சினையைத் தனிமனிதப் பிரச்சினை ஆக்குகிறது" என்ற விமர்சனத்தில் உண்மை இருக்கிறது. சாதியை யாரும் செஷன் போட்டு ஒழிக்க முடியாது. ஆனால் சாதி ஒழியும்வரை தூங்காமல் இருக்கவும் முடியாது. துப்புரவுப் பணியில் விஷவாயு தாக்கியவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகும்போது, இது அமைப்பின் பிரச்சினை, ஆக்சிஜன் வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. நுரையீரலுக்கு ஒரு நியாயம், மனதுக்கு ஒரு நியாயமா?

சரி, யாரைத் தேடுவது? எப்படித் தேடுவது?

நான் பணத்தையும் மாதங்களையும் இழந்து கற்றுக்கொண்டதை இங்கே வைக்கிறேன். நீங்கள் இழக்க வேண்டாம்.

முதலில், யார் யார் என்று பிரித்தறியுங்கள். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். மருந்து எழுதுபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் என்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கவுன்சில் இது. பதிவு எண்ணைக் கேளுங்கள், கவுன்சிலின் பதிவேட்டில் சரிபாருங்கள். கேட்டால் கோபப்படுபவரிடம் போகாதீர்கள். 'லைஃப் கோச்', 'மைண்ட் ஹீலர்', 'சர்ட்டிஃபைடு கவுன்சலர்' என்ற பட்டங்கள் சில வார இறுதி வகுப்புகளிலேயே கிடைக்கக்கூடியவை.

இரண்டாவது, முதல் அழைப்பிலேயே நேராகக் கேளுங்கள்: "சாதிப் பாகுபாட்டைச் சந்தித்தவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? அதைப் பற்றி நான் பேசினால் எப்படி எடுத்துக்கொள்வீர்கள்?" பதிலைவிட, பதில் வருவதற்கு முன்னால் வரும் அமைதியைக் கவனியுங்கள். "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?" என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். உங்கள் சாதி என்ன என்று எடுத்த எடுப்பில் துருவினாலும் அப்படியே செய்யுங்கள்.

மூன்றாவது, பணம். வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். ஃபெல்லோஷிப் மாதக்கணக்கில் வராமல் கிடப்பது நம் குற்றமல்ல. பணமே இல்லையென்றால் 14416 இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் அது. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதென்றால் அடுத்த வார செஷனுக்குக் காத்திருக்காதீர்கள். அந்த எண்ணை அழையுங்கள், நம்பும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அந்த நேரத்துக்கு ஆன்லைன் செஷன் போதாது.

நான்காவது, ரகசியம். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் ரகசியத்தை உங்கள் உரிமையாக்கியிருக்கிறது. கல்லூரி கவுன்சலரிடம் போவதற்கு முன், நான் சொல்வது துறைத்தலைவர் காதுக்குப் போகுமா என்று கேளுங்கள். உங்கள் புகாரே நிர்வாகத்தின் மீது இருக்கும்போது, அதே நிர்வாகத்திடம் சம்பளம் வாங்குபவரிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, நம் சாதிக்காரர்தான் வேண்டுமா? நானும் அப்படித்தான் தேடினேன். கிடைத்தால் மகிழ்ச்சி. ஆனால் ஒரே சமூகம் என்பது மட்டுமே தகுதி ஆகிவிடாது. இப்போது நான் பேசும் தெரபிஸ்ட் தமிழ்நாட்டின் வேறொரு ஊரில் இருக்கிறார். அவர் என்ன சமூகம் என்று எனக்குத் தெரியாது. முதல் செஷனில் லைன் வீடு என்றேன். "எனக்கு அது தெரியாது, சொல்லுங்க. லைன்ல எத்தனை வீடு? தண்ணி எங்க எடுப்பீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான். அன்று நான் அழுதேன். தூக்கத்துக்கு அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகள் முந்தையவர் சொன்னதேதான். இந்த முறை வேலை செய்தன. நெறியாளர் என்னை நிற்கவைத்தது என் கற்பனையா என்ற விசாரணையை அவர் நடத்தவே இல்லை. அது நடந்தது என்பதிலிருந்து தொடங்கினார். ஆறு மாதத்தில் இரண்டு அத்தியாயங்கள் எழுதினேன். நெறியாளரை மாற்றக் கேட்டு விண்ணப்பமும் எழுதினேன்.

கடைசியாக ஒன்று. பிடிக்காவிட்டால் மாறுங்கள். மூன்று செஷன் காசு கட்டிவிட்டோமே என்று நாலாவதுக்குப் போகாதீர்கள்.

இது நுகர்வோர் பிரச்சினை மட்டும் அல்ல

இத்தனை கேள்விகளைக் கேட்டு, இத்தனை பேரைத் தாண்டி ஒருவரைக் கண்டுபிடிக்க ஆங்கிலமும் செல்போனும் கொஞ்சம் திமிரும் வேண்டியிருந்தது. எனக்கு இருந்தது. எங்கள் லைனில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, சாதி, வர்க்கம், பாலினம் என எந்தப் பாகுபாடும் இல்லாமல், கட்டுப்படியாகும் செலவில், எட்டக்கூடிய தூரத்தில் மனநல சேவை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இலவசம் என்கிறது. சாதி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கிறது, தோழர்களே. தெரபிஸ்ட்டின் அறையில்தான் அதை வெளியே வைக்கச் சொல்கிறார்கள். மருத்துவ உளவியலாளர்கள், மனநலச் செவிலியர்கள், மனநல சமூகப் பணியாளர்கள் ஆகியோரைப் பதிவு செய்து பட்டியலை வெளியிடும் பொறுப்பையும் அந்தச் சட்டம் மாநில மனநல ஆணையத்துக்குத் தந்திருக்கிறது. 2015-16 தேசிய மனநல ஆய்வு தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடந்தது. பதற்றம், மனச்சோர்வு போன்ற பரவலான பிரச்சினைகள் உள்ளவர்களில் சுமார் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்று அது சொன்னது. அந்த 85 பேர் எந்தத் தெருவில் இருப்பார்கள் என்று ஊகிக்க முனைவர் பட்டம் தேவையில்லை.

ஆகவே நம் கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். தமிழ்நாட்டில் வேலை செய்யும் பதிவு பெற்ற மனநலப் பணியாளர்களின் பட்டியல், பேசும் மொழி, கட்டணம், ஊர் ஆகிய விவரங்களோடு எளிய தமிழில் எல்லோர் கைக்கும் வர வேண்டும். மருத்துவ உளவியல் படிப்புகளில் இடஒதுக்கீடு முழுமையாக நிரப்பப்படுகிறதா என்பது ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். அந்தப் பாடத்திட்டத்தில் சாதி கட்டாயப் பாடமாக வேண்டும். கல்வி நிறுவனங்களில் நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத மனநல ஆலோசகர்கள் வேண்டும். உயர்கல்வி நிறுவனங்களில் நிகழும் மாணவர் தற்கொலைகள் குறித்து 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அப்படி ஒரு குழு தேவைப்படும் அளவுக்கு நம் பிள்ளைகள் இறந்திருக்கிறார்கள் என்பதை எந்தத் துணைவேந்தரும் மறக்கக் கூடாது.

மலைக்கென்று தனியாக ஒன்று கேட்கிறேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன்தான் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதும். அதை இத்தனை தலைமுறையாகப் பறித்தவர்கள் யார் என்று எழுதாது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி மன அமைதிக்காக இங்கே வருகிறார்கள். அவர்களுக்கு யோகா உண்டு, ரிசார்ட் உண்டு. அந்த ரிசார்ட்டின் கழிவறையைக் கழுவுகிற பெண்ணுக்கு, நாகலூரிலும் செம்மநத்தத்திலும் மாரமங்கலத்திலும் இருக்கிற மலைவாழ் பெண்ணுக்கு மன அமைதி எங்கே கிடைக்கும்? சேலத்துக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போகும். மலைக் கிராமங்களுக்கே மனநலக் குழு வர வேண்டும். வருபவர் அவர்கள் பேசும் தமிழைப் புரிந்துகொள்பவராக இருக்க வேண்டும்.

என் அம்மாவுக்கு முப்பது வருடமாக ராத்திரித் தூக்கம் கிடையாது. உடம்பு வலி என்பார். எஸ்டேட்டில் கேட்டால் ஒரு மாத்திரை, வெளியே போனால் ஒரு சத்து ஊசி. அப்பா இறந்த வருடம் கணக்குப்பிள்ளை லைனைக் காலிசெய்யச் சொன்னதை அவர் என்னிடம் சொன்னதே போன மாதம்தான். நான் செஷன் முடித்துப் பாறையிலிருந்து இறங்கி வந்தபோது, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு கேட்டார்:

"அந்தம்மா நம்ம பாஷைல தான பேசும்? நான் பேசுனா கேக்குமா?"

கேட்கும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பதிலை உண்மையாக்கும் வேலை இனி என்னுடையது மட்டும் அல்ல. உங்களுடையதும்தான்.